ஊர் மாறினும் உள்ளம் மாறாதவர் : சீனப் பேரறிஞர் சூ தோங்போ

சீன நாட்டின் பழைய ஆட்சி முறையில் உலகம் வியக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. நாட்டை ஆளும் அலுவலரைக் குலமும் செல்வமும் மட்டும் பாராது, எழுத்துத் தேர்வு நடத்தித் தேர்ந்தெடுக்கும் முறையே அது. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்காலம் நிலைபெற்றிருந்த அத்தேர்வு முறை 1905-ஆம் ஆண்டில்தான் கைவிடப்பட்டது. பண்டை நூல்களைக் கற்றுத் துறைபோகியவனே தேர்வில் வென்றான். தேர்வில் வென்றவனே வரி தண்டினான், வழக்குத் தீர்த்தான், ஏரியைத் தூர் எடுத்தான், பஞ்சத்தில் கஞ்சி வார்த்தான். ஆதலின் அந்நாட்டில் புலவரும் அதிகாரியும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தனர்.

இவ்வாறு கல்வியும் அதிகாரமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவனுக்கு ஓர் இடர் உண்டு. கற்ற நூல் ஒன்றைச் சொல்லும். மேலிடம் மற்றொன்றைச் சொல்லும். அவ்வேளையில் எதன் பக்கம் நிற்பது? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தவர் சூ ஷீ என்னும் அறிஞர். சோங் மரபினர் சீனத்தை ஆண்ட பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இவரைச் சீன மக்கள் சூ தோங்போ என்னும் பெயரால் இன்றும் அன்புடன் நினைக்கின்றனர். கவிஞர், உரைநடை ஆசிரியர், ஓவியர், எழுத்தணிக் கலைஞர் எனப் பல துறைகளில் அவர் புகழ் பரவியது. எனினும் அவர் ஊதியம் பெற்றுச் செய்த தொழில் அரசுப் பணியே. அப்பணியில் அவர் கண்ட ஏற்றமும் வீழ்ச்சியுமே ஈண்டுக் கூறப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

சூ ஷீ 1037-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சீனத்தின் மேற்கே சிச்சுவான் பகுதியிலுள்ள மெய்ஷான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சூ ஷுன். இளமையில் கல்வியில் நாட்டமின்றித் திரிந்து, இருபத்தேழு வயதளவில் மனம் திரும்பி நூல்களில் மூழ்கியவர் அவர். சூ ஷீக்கு இரண்டாண்டு இளையவர் தம்பி சூ சே. தந்தையும் மைந்தர் இருவருமாகிய மூவரும் பின்னாளில் சீன உரைநடையின் பேராசிரியர் எண்மருள் வைத்து எண்ணப்பட்டனர். ஒரே வீட்டில் மூவர் அப்பெருமை பெற்றது அரிதினும் அரிது.

தந்தை வெளியூர்களில் இருந்த காலத்தில் மைந்தருக்கு நூல் கற்பித்தவர் அன்னையார். ஒருநாள் அவர் பழைய வரலாற்று நூலிலிருந்து ஃபான் பாங் என்பவரின் வரலாற்றைப் படித்துக் காட்டினார். ஃபான் பாங், அரண்மனையில் ஆதிக்கம் செலுத்திய தீயோரை எதிர்த்து நின்று, அதன் பொருட்டு உயிரிழந்த நேர்மையாளர். அவருடைய தாய் கலங்காமல் மகனுக்கு விடை கொடுத்தார். இதைக் கேட்ட சிறுவன் சூ ஷீ, தானும் ஃபான் பாங்கைப் போல் ஆனால் அன்னை இசைவாரா என்று கேட்டான். மகன் ஃபான் பாங் ஆக முடியுமானால் தன்னால் அவன் தாயைப்போல் ஆக முடியாதா என்று அன்னை மறுமொழி கூறினார். அன்று அத்தாய் விதைத்த விதை பின்னர் முளைத்து மரமாயிற்று.

தேர்வில் வெற்றி

1056-ஆம் ஆண்டில் தந்தை தம் மைந்தர் இருவரையும் அழைத்துக்கொண்டு, மலையும் கணவாயும் கடந்து தலைநகராகிய கைஃபெங் நகரை அடைந்தார். அடுத்த ஆண்டு அரசுத் தேர்வு நடைபெற்றது. அந்நாளில் தேர்வு மிகுந்த காவலுடன் நடந்தது. விடைத்தாளில் எழுதியவரின் பெயர் மறைக்கப்படும். கையெழுத்தைக் கொண்டு ஆளை அறியாதவாறு எழுத்தர்கள் விடைகளைப் படியெடுத்துத் தருவர். தேர்வாளர் அப்படிகளையே திருத்துவர்.

அவ்வாண்டின் தலைமைத் தேர்வாளர் ஒயாங் சியூ என்னும் பேரறிஞர். வெற்றுச் சொல்லலங்காரத்தை வெறுத்து, தெளிந்த நடையைப் போற்றியவர் அவர். ஒரு விடைத்தாளைப் படித்ததும் அவர் உள்ளம் மகிழ்ந்தது. முதலிடம் தர விரும்பினார். ஆனால் அது தம் மாணவர் ஒருவர் எழுதியதாக இருக்குமோ என்று ஐயுற்றார். தம்மவருக்கே முதலிடம் தந்தார் என்னும் பழி வாராதிருக்க, அதை இரண்டாம் இடத்தில் வைத்தார். திரை நீங்கியபோது அது சூ ஷீ எழுதியது எனத் தெரிந்தது! தேர்வாளரின் நேர்மையே இளைஞரின் முதலிடத்தைப் பறித்தது.

அக்கட்டுரையில் பண்டை அரசர் ஒருவரைப் பற்றிய செய்தி ஒன்று இருந்தது. அது எந்நூலில் உள்ளது என்று தேர்வாளர்க்கே விளங்கவில்லை. பின்னர் வினவியபோது, அத்தகைய நல்லரசர் அவ்வாறுதான் செய்திருப்பார் என்று தாமே கருதி எழுதியதாகச் சூ ஷீ கூறினாராம். இளைஞரின் துணிவைக் கண்டு பெரியோர் நகைத்தனரே அன்றிச் சினக்கவில்லை. தம்பி சூ சேயும் அதே தேர்வில் வெற்றி பெற்றார்.

வெற்றிச் செய்தி ஊருக்குச் சேர்வதற்கு முன்னரே அன்னையார் காலமானார். பெற்றோர் இறந்தால் அலுவலர் பணி துறந்து இருபத்தேழு திங்கள் துக்கம் காத்தல் சீன மரபு. மைந்தர் இருவரும் ஊர் திரும்பி அக்கடனை ஆற்றினர். 1061-ஆம் ஆண்டில் நடந்த சிறப்புத் தேர்வில் சூ ஷீ, நடைமுறையில் எவருக்கும் எளிதில் வழங்கப்படாத உயர்ந்த தரத்தைப் பெற்றார். தம் பேரர்களுக்கு ஆகும் தலைமை அமைச்சர் இருவரை இன்று கண்டெடுத்தேன் என்னும் பொருள்பட அரசர் ரென்சோங் தம் தேவியிடம் கூறி மகிழ்ந்தார் என்பது மரபு. ஆனால் சூ ஷீ தலைமை அமைச்சர் ஆகவேயில்லை. ஏன் ஆகவில்லை என்பதே அவர் வரலாறு.

முதல் பணியாக வடமேற்கே ஃபெங்சியாங் என்னும் ஊரில் துணை அலுவலர் பதவி கிடைத்தது. அங்கே வறட்சி நீங்கி மழை பெய்த மகிழ்ச்சியைக் கொண்டாட, தாம் கட்டிய மண்டபம் ஒன்றுக்கு இன்மழை மண்டபம் என்று பெயரிட்டார். 1065-இல் இளம் மனைவி மறைந்தார். 1066-இல் தந்தையார் மறைந்தார். இருவர் உடலையும் படகில் ஏற்றித் தாயகம் சேர்ந்து அடக்கம் செய்து, துக்கக் காலம் முடிந்து 1068-ஆம் ஆண்டின் இறுதியில் மெய்ஷானை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தொன்று. அதன்பின் தாம் பிறந்த ஊரை அவர் ஒருமுறையேனும் காணவில்லை.

புதிய சட்டங்களும் புலவரின் மறுப்பும்

அவர் தலைநகர் மீண்டபோது அரியணையில் இருந்தவர் இளைஞரான ஷென்சோங் அரசர். இவ்வரசரின் அவைக்கே 1077-ஆம் ஆண்டில் நம் சோழ நாட்டுத் தூதுக்குழு ஒன்று வந்ததாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. நாட்டின் வறுமையையும் கருவூலத்தின் வெறுமையையும் நீக்க விழைந்த இவ்வரசர், வாங் ஆன்ஷீ என்னும் அறிஞரை அமைச்சராக்கினார். 1069-ஆம் ஆண்டு முதல் புதிய சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

வாங் ஆன்ஷீ தன்னலம் அற்றவர், எளிய வாழ்க்கையர், சிறந்த கவிஞருங்கூட. வட்டிக் கடைக்காரரிடம் சிக்கி உழவர் அழிவதைத் தடுக்க, விளைச்சலுக்கு முன் அரசே கடன் கொடுத்து, அறுவடைக்குப்பின் பத்தில் இரண்டு பங்கு வட்டியுடன் திரும்பப் பெறும் திட்டத்தை வகுத்தார். நோக்கம் நல்லதே. ஆயினும் நடைமுறை வேறாயிற்று. இத்தனைக் கடன் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டும் பொருட்டு அலுவலர்கள் வேண்டாதவர்மீதும் கடனைத் திணிப்பர். திருப்ப இயலாத ஏழை சிறைக்கூடமும் சவுக்கடியும் காண்பான் என்று சூ ஷீ அஞ்சினார். அரசருக்கு நீண்ட விண்ணப்பங்கள் எழுதினார். மக்களின் மனமே ஆட்சிக்கு வேர் என்றும், அதை இழந்த அரசு நிலைக்காது என்றும் அவற்றில் எடுத்துரைத்தார்.

எதிர்த்தவர் பலர் பதவியிழந்தனர். சூ ஷீயும் தாமே வெளியூர்ப் பணி வேண்டிப் பெற்று, 1071-ஆம் ஆண்டில் ஹாங்சோ நகருக்குத் துணைத் தலைவராகச் சென்றார். அங்கே அவருக்கு வாய்த்த கடமைகளுள் ஒன்று, உப்புச் சட்டத்தை மீறியோரை விசாரித்துத் தண்டித்தல். உப்பு வாணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தமையால் ஏழைகள் மறைவாக உப்பு விற்றுச் சிறைப்பட்டனர். ஆண்டின் இறுதி நாளன்று எல்லாரும் வீடு செல்ல, கைதிகளின் கணக்கை முடிக்க வேண்டிச் சூ ஷீ மட்டும் அலுவலகத்தில் தங்க நேர்ந்தது. அவர்கள் உணவுக்காகக் குற்றம் செய்தனர். தாமோ ஊதியத்துக்காக அதிகாரம் செலுத்துகிறோம். இருவருக்கும் வேறுபாடு யாது என்று எண்ணி வருந்தி அன்று ஒரு கவிதை எழுதினார்.

சட்டத்தைத் தடுக்க இயலாதபோது, அதன் கொடுமையைத் தம் கைக்கு எட்டிய அளவில் குறைப்பதே அவர் கைக்கொண்ட வழி. 1074-இல் மீசோ மாவட்டத்தின் தலைவரானார். அங்கே வெட்டுக்கிளிகள் பயிரை அழித்திருந்தன. பசி தாங்காத பெற்றோர் பச்சிளங் குழந்தைகளைத் தெருவில் விட்டுச் சென்றனர். சூ ஷீ அக்குழந்தைகளைத் திரட்டி, வளர்க்க முன்வரும் குடும்பங்களுக்குத் திங்கள்தோறும் தானியம் அளித்தார். எடுத்து வளர்த்தவர்க்குச் சில காலத்தில் பாசம் வேரூன்றும்; பின்னர் அவர்கள் குழந்தையைக் கைவிடார் என்பது அவர் கணிப்பு. அங்ஙனமே பல உயிர்கள் பிழைத்தன.

வெள்ளமும் மதிலும்

1077-இல் ஷூசோ நகருக்குத் தலைவராக மாற்றப்பட்டார். அவர் சென்ற சில திங்களில் மஞ்சளாறு கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. வெள்ளம் நகர மதிலை வந்து மோதியது. செல்வர்கள் வாயிலைத் திறந்து ஓட முற்பட்டனர். அவர்கள் போனால் மற்றவரின் உறுதி குலையும் என்று உணர்ந்த சூ ஷீ, தாம் இங்கிருக்கும்வரை மதில் உடையாது என்று உறுதி கூறி அவர்களைத் திருப்பினார். அவ்வூரில் அரசரின் காவற்படை ஒன்று இருந்தது. அதற்கு ஆணையிட மாவட்டத் தலைவருக்கு உரிமை இல்லை. ஆகவே அவரே கோலூன்றிச் சேற்றில் நடந்து பாசறைக்குச் சென்று உதவி வேண்டினார். தலைவரே சேற்றில் நிற்பதைக் கண்ட படைத்தலைவன் வீரர்களுடன் கூடையும் மண்வெட்டியும் ஏந்தி வந்தான்.

மதிலைக் காக்க நீண்ட அணை எழும்பியது. வெள்ளம் வடியும்வரை சூ ஷீ மதிலின்மேல் குடில் அமைத்து அங்கேயே தங்கினார். தம் இல்லத்தின் பக்கம் சென்றாரில்லை. நகரம் பிழைத்தது. மறு ஆண்டு அரசின் பொருளுதவி பெற்று அணையை வலுப்படுத்தினார். நீரை மண் வெல்லும் என்னும் சீன நம்பிக்கைக்கேற்ப மண்ணின் நிறமாகிய மஞ்சள் வண்ணத்தில் மாடம் ஒன்றும் எழுப்பினார். அந்நகரில் விறகுப் பஞ்சம் இருந்ததால் ஆட்களை அனுப்பித் தேடி, அருகிலேயே நிலக்கரி கிடைக்குமாறு செய்தவரும் அவரே.

கவிதையே குற்றமான கதை

1079-ஆம் ஆண்டில் ஹூசோ நகருக்கு மாற்றப்பட்டார். புதிய பதவி ஏற்போர் அரசருக்கு நன்றி மடல் எழுதுதல் வழக்கம். தாம் புதியவர்களோடு ஒத்துச்செல்லும் திறனற்றவர் என்றும், முதியவராதலால் எளிய மக்களைப் பேணும் சிறுபணிக்கேனும் பயன்படக்கூடும் என்றும் பொருள்பட அவர் அதில் எழுதினார். இச்சொற்களில் ஏளனம் உள்ளது என்று பகைவர் பற்றிக்கொண்டனர். அவருடைய கவிதைகளைத் தொகுத்து, வரிக்கு வரி உட்பொருள் கற்பித்து, அரசரை இகழ்ந்தார் என்று குற்றம் சுமத்தினர். அலுவலகத்திலேயே அவரைப் பிடித்துத் தலைநகருக்குக் கொண்டு சென்றனர்.

அவர் அடைக்கப்பட்ட கண்காணிப்பு மன்றத்தின் மரங்களில் காக்கைகள் கூடு கட்டியிருந்தமையின் அவ்விடம் காக்கை மன்றம் என்று பெயர் பெற்றது. நான்கு திங்களுக்கு மேல் அங்கே அவர் விசாரிக்கப்பட்டார். மூத்த மகன் சூ மாய் நாள்தோறும் உணவு கொண்டு வந்தான். இறப்புத் தண்டனை உறுதியானால் மட்டும் மீன் அனுப்ப வேண்டும் என்பது தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த குறிப்பு. ஒருநாள் மகன் பொருள் தேடி வெளியூர் செல்ல, இதை அறியாத உறவினர் மீன் சமைத்து அனுப்பிவிட்டார். தம் முடிவு நெருங்கியது என்று கருதிய சூ ஷீ, தம்பிக்கு விடை கூறும் கவிதை இரண்டு எழுதி வைத்தார் என்பர்.

தம்பியோ தம் பதவியைத் துறந்து தமையனின் குற்றத்துக்கு ஈடு தருவதாக அரசரிடம் முறையிட்டார். அரசரின் பாட்டியாரும் நோய்ப் படுக்கையிலிருந்து பரிந்துரைத்தார். அதனினும் வியப்பு, பதவி நீங்கி ஓய்வில் இருந்த வாங் ஆன்ஷீயும் இவ்வறிஞரைக் கொல்லலாகாது என்று எடுத்துரைத்தார் என்பதாகும். உயிர் தப்பியது. பெயரளவில் ஒரு சிறு பதவி அளித்து, அலுவல் எதிலும் தலையிடும் உரிமையின்றி, யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹுவாங்சோ என்னும் சிற்றூருக்கு அவரை அனுப்பினர். தமையனுக்காகப் பரிந்த தம்பியும் பதவி தாழ்த்தப்பட்டார்.

கிழக்குச் சரிவின் உழவர்

1080-ஆம் ஆண்டு ஹுவாங்சோ சேர்ந்தபோது அவருக்கு ஊதியம் இல்லை, குடும்பமோ பெரிது. சூ ஷீ ஒரு வழி கண்டார். திங்களின் முதல் நாளில் 4,500 செப்புக் காசுகளை எடுத்து முப்பது பங்காக்கி வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவார். நாள்தோறும் விடியலில் கோலால் ஒரு பங்கை மட்டும் எடுப்பார். அன்றைய செலவு அந்த 150 காசுகளைத் தாண்டலாகாது. மிச்சம் விழுந்தால் அதை மூங்கிற் குழாயில் இட்டு விருந்தினர்க்கென வைப்பார். மாதச் சம்பளத்தில் இல்லறம் நடத்துவோர்க்கு இந்தக் கணக்கின் அருமை நன்கு விளங்கும்.

ஓராண்டுக்குப்பின் நண்பர் ஒருவர் முயன்று, ஊரின் கிழக்கே கல்லும் முள்ளும் மண்டிய பழைய படைத்தள நிலத்தை அவருக்குப் பெற்றுத் தந்தார். அரசவையில் அமர்ந்த அறிஞர் அந்நிலத்தைத் தம் கையால் கொத்திப் பண்படுத்தினார். நெல்லும் கோதுமையும் பயிரிட்டார். எருது நோயுற்றபோது இரண்டாம் மனைவியாரே மருந்து கண்டு அதைப் பிழைப்பித்தார். கிழக்குச் சரிவு என்று பொருள்படும் தோங்போ என்னும் அந்நிலத்தின் பெயரையே தமக்குப் புனைபெயராக ஏற்றார். பட்டமும் பதவியும் தந்த பெயர்களெல்லாம் மறைய, உழுத நிலம் தந்த பெயரே நிலைத்தது.

அதிகாரம் இல்லாத அந்நாளிலும் அவரால் சும்மா இருக்க இயலவில்லை. அப்பகுதியில் வறியோர், தம்மால் காக்க இயலாத பிள்ளைகளைப் பிறந்தவுடன் நீரில் அமிழ்த்திக் கொல்லும் வழக்கம் இருந்தது. இதைக் கேட்ட நாள் அவருக்கு உணவு இறங்கவில்லை. அண்டை மாவட்டத் தலைவருக்கு மடல் எழுதி, சட்டத்தால் தடுக்குமாறு வேண்டினார். உள்ளூர்ச் செல்வரிடம் ஆண்டுதோறும் பொருள் திரட்டி, ஏழைத் தாய்மார்க்கு அரிசியும் துணியும் வழங்கும் சங்கம் ஒன்றை அமைத்தார். தாமும் அவ்வறுமையிலேயே பங்கு செலுத்தினார்.

அவருடைய எழுத்தின் உச்சமும் இக்காலமே. 1082-ஆம் ஆண்டில் நண்பருடன் படகேறிச் செம்பாறை என்னும் இடத்தைக் கண்டு அவர் எழுதிய இரண்டு உரைப்பாக்கள் சீன இலக்கியத்தின் மணிகளாக இன்றும் ஓதப்படுகின்றன.

1084-இல் அவர் தண்டனை தளர்ந்தது. வடக்கே செல்லும் வழியில், ஓய்வில் வாழ்ந்த வாங் ஆன்ஷீயைத் தேடிச் சென்று கண்டார். ஒருவர் கொள்கையால் மற்றவர் துயருற்றிருந்தும், இருவரும் பல நாள் ஒன்றாயிருந்து கவிதையும் மெய்ப்பொருளும் பேசி மகிழ்ந்தனர்.

தம் கட்சியையும் மறுத்தல்

1085-இல் ஷென்சோங் அரசர் மறைந்தார். சிறுவராகிய புதிய அரசர்க்காகப் பாட்டியார் ஆட்சி நடத்தினார். புதிய சட்டங்களை எதிர்த்தவர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். முதிய அறிஞர் சிமா குவாங் தலைமை அமைச்சர் ஆனார். சூ தோங்போவும் ஓராண்டுக்குள் பல படிகள் உயர்ந்து, அரச ஆணைகளை எழுதும் ஹான்லின் கழகத்தில் இடம் பெற்றார். இனி அவர் வாய் திறவாமல் இருந்திருப்பின் தலைமை அமைச்சர் பதவி எட்டாக் கனி அன்று.

சிமா குவாங் புதிய சட்டங்கள் அனைத்தையும் ஒருசேர ஒழிக்க முற்பட்டார். முன்னர் மக்கள் முறைவைத்து அரசுக்கு ஊழியம் செய்யவேண்டியிருந்தது. அதனால் குடும்பங்கள் அழிந்தன. அதற்கு மாறாகப் பணம் பெற்றுக் கூலிக்கு ஆளமர்த்தும் முறையை வாங் ஆன்ஷீ கொண்டுவந்திருந்தார். மாவட்டங்களில் பணியாற்றிய பட்டறிவால் அம்முறையில் நன்மையும் உண்டென்று சூ தோங்போ அறிந்திருந்தார். அதை ஒழிக்கலாகாது என்று சிமா குவாங்குடன் நேருக்கு நேர் வாதாடினார். அவர் கேளாதபோது, வீடு திரும்பி மனம் வெதும்பினார். எதிர்க்கட்சி செய்தது என்பதற்காக நல்லதைத் தீயது என்று கூற அவர் நா எழவில்லை. அதனால் முன்னர்ப் புதுச் சட்டத்தார்க்குப் பகைவரானவர், இப்போது பழமைக் கட்சியார்க்கும் ஆகாதவரானார்.

ஹாங்சோவின் ஏரி

1089-இல் அவர் மீண்டும் வெளியூர்ப் பணி வேண்டி, ஹாங்சோவுக்கு இம்முறை தலைவராகச் சென்றார். அங்கே பஞ்சமும் கொள்ளைநோயும் காத்திருந்தன. அரசுக்குச் செலுத்தவேண்டிய அரிசியைக் குறைக்கச் செய்து, களஞ்சிய நெல்லைக் குறைந்த விலைக்கு விற்று விலையேற்றத்தைத் தடுத்தார். பொதுப் பணத்துடன் தம் கைப்பொன்னும் சேர்த்து ஏழைகளுக்கென மருத்துவமனை நிறுவினார்.

அந்நகரின் உயிர்நாடி மேற்கு ஏரி. உப்பு நீர் ஊறும் நிலமாதலால் குடிநீருக்கு அவ்வேரியையே மக்கள் நம்பியிருந்தனர். கவனிப்பார் இன்றி ஏரியில் பாதியளவு களை மூடிவிட்டது. இன்னும் இருபது ஆண்டுகளில் ஏரியே இராது என்று அரசுக்கு எழுதி அனுமதி பெற்று, 1090-ஆம் ஆண்டில் தூர் எடுக்கும் பணியைத் தொடங்கினார். இரண்டு இலட்சம் ஆள்நாள் உழைப்பு வேண்டும் என்பது அவர் மதிப்பீடு. பஞ்சத்தில் வாடியோர்க்கு அதுவே பிழைப்பாயிற்று. எடுத்த சேற்றையும் களையையும் எங்கே கொட்டுவது? ஏரியின் குறுக்கே வடக்கு தெற்காகக் கரை ஒன்று அமைத்தார். சுற்றிச் செல்லவேண்டியிருந்த மக்களுக்கு அது நேர்வழியாயிற்று. அதன்மேல் ஆறு பாலங்கள். இருமருங்கும் வில்லோ மரங்கள். மீண்டும் களை மண்டாதிருக்க, கரையோர நீரில் நீர்க்கொட்டை பயிரிட உழவர்க்கு இடம் தந்து, அவ்வருவாயை ஏரிப் பராமரிப்புக்கு ஒதுக்கினார். குடிநீர்க் கிணறுகளுக்கு நீர் வரும் மூங்கிற் குழாய்கள் மக்கிப்போனதால் அவற்றுக்கு மாற்றாகச் சுட்ட மண் குழாய்களைப் பதித்தார்.

ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அக்கரை அவர் குடிப்பெயரால் சூ கரை என்று வழங்குகிறது. அதனுடன் கூடிய மேற்கு ஏரிப் பகுதியை 2011-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

கடல் கடந்த நாடு

1093-இல் பாட்டியார் மறைய, இளம் அரசர் தாமே ஆளத் தொடங்கினார். காற்று மீண்டும் திசை மாறியது. புதுச் சட்டக் கட்சியின் சாங் துன் தலைமை அமைச்சர் ஆனார். இவர் இளமையில் சூ தோங்போவுடன் மலையேறி விளையாடிய நண்பர். ஆயினும் பழிவாங்கும் வேகத்தில் நட்பு நிற்கவில்லை. 1094-இல் சூ தோங்போ தென்கோடியிலுள்ள ஹுய்சோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் பாலங்கள் அமைக்கத் தம் அரைக்கச்சையை விற்று உதவினார். குவாங்சோ நகருக்கு மலையூற்று நீரை மூங்கிற் குழாய் வழியே கொண்டுவரும் திட்டத்தை அந்நகரத் தலைவருக்கு எழுதி அனுப்பினார். உடன் வந்த துணைவி சாவ்யுன் 1096-இல் நோயால் மறைந்து அம்மண்ணிலேயே அடக்கமானார்.

1097-இல் இன்னும் கொடிய ஆணை வந்தது. அறுபது வயதில் கடல் கடந்து ஹைனான் தீவுக்குச் செல்லவேண்டும். அந்நாளில் அங்கே அனுப்புவது இறப்புத் தண்டனைக்கு அடுத்தபடி எனக் கருதப்பட்டது. மூத்த மகனிடம் இறுதிச் சொல் கூறி, இளைய மகன் சூ குவோவை மட்டும் உடன்கொண்டு புறப்பட்டார். தம்பியும் அவ்வேளையில் தண்டனை பெற்றுத் தெற்கே வந்துகொண்டிருந்தார். உடன்பிறந்தார் இருவரும் வழியில் கூடி ஒரு திங்கள் ஒன்றாயிருந்தனர். கடற்கரையில் பிரிந்தனர். பின்னர் அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை.

தீவில் அரசு விடுதியில் தங்கியிருந்தவரை மேலதிகாரி ஒருவர் வெளியேற்றினார். அவ்வூர் மக்களே வந்து கைகொடுத்து அவருக்குக் குடில் கட்டினர். சூ தோங்போ சுரைக்குடுக்கை ஏந்தித் தெருவில் நடந்து, அத்தீவின் பழங்குடியினரான லி மக்களுடன் உறவாடினார். நோயாளிகளுக்கு மருந்து தேடினார். இளைஞர்க்கு நூல் கற்பித்தார். பண்டை நூல்களுக்குத் தாம் எழுதி வந்த உரைகளை அங்கே முடித்தார். தம்மை அத்தீவிலேயே பிறந்தவர் போலவும், சிச்சுவானில் இருந்தது இடையில் தங்கியது போலவும் எண்ணிக் கவிதை செய்தார்.

இறுதி நாட்கள்

1100-இல் அரசர் மறைய, புதிய அரசர் பொதுமன்னிப்பு அளித்தார். மூன்றாண்டுக்குப்பின் சூ தோங்போ கடல் கடந்து வடக்கே திரும்பினார். இதற்குள் அரசியல் சக்கரம் மற்றொரு சுற்றுச் சுற்றியது. சாங் துன் பதவியிழந்து, அதே தென்கோடிக்கு அனுப்பப்பட்டார். அவர் மகன் சாங் யுவான், முன்பு சூ தோங்போ தேர்வாளராக இருந்து முதலிடம் தந்த மாணவர். தந்தையின் செயலுக்கு அஞ்சிய மகன், ஆசிரியர்க்கு நடுங்கிய கையால் மடல் எழுதினார். நோயுற்றிருந்த சூ தோங்போ தம் கையாலேயே மறுமொழி வரைந்தார். நாற்பது ஆண்டு நட்பு இடையில் நேர்ந்ததால் குறைவுபடாது என்று ஆறுதல் கூறினார். தென்னாட்டு வெப்பத்துக்கு வேண்டிய மருந்துகளைத் தம் பட்டறிவிலிருந்து குறித்து, முதிய தந்தையைக் காக்கும் வழியும் சொன்னார். அதில் பழைய பகையின் நிழலும் இல்லை.

சில திங்களில், 1101-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், யாங்சிக்குத் தெற்கேயுள்ள சாங்சோ நகரில் தம் அறுபத்து நான்காம் வயதில் சூ தோங்போ உயிர் நீத்தார். தம்பி அவரை ஹெனானில் உள்ள ஜியா என்னும் இடத்தில் அடக்கம் செய்தார். 1112-இல் தாம் இறந்தபின் தமையனின் அருகிலேயே துயில் கொண்டார்.

அவர் இறந்தபின்னரும் பகை ஓயவில்லை. அடுத்த ஆண்டிலேயே அரசுக்கு ஆகாதார் பட்டியலில் அவர் பெயரைக் கல்லில் பொறித்தனர். அவர் நூல்களை அழிக்குமாறு ஆணையிட்டனர். மக்களோ அவற்றை மறைத்து வைத்துப் படித்தனர். 1106-இல் வானில் வால்மீன் தோன்றியதைக் கண்டு அஞ்சிய அரசரே அக்கற்களை உடைக்கச் செய்தார். 1170-ஆம் ஆண்டில் பிற்கால அரசர் அவருக்கு எழுத்தும் பற்றுறுதியும் உடையார் என்னும் பொருள்படும் சிறப்புப் பெயர் வழங்கினார்.

பணியின் பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இவ்வறிஞர் வரலாறு அயலார் வரலாறாகத் தோன்றாது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அவர் ஊர் ஊராக மாற்றப்பட்டார். சில ஊர்களுக்கு உயர்வாகச் சென்றார். சில ஊர்களுக்குத் தண்டனையாகச் சென்றார். எவ்வாறு சென்றாலும், சென்ற ஊரின் கிணற்றையும் ஏரியையும் குழந்தையையும் தம்முடையனவாகவே கருதினார். மேலிடம் மாறியபோதெல்லாம் தம் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பின் அவர் தலைமை அமைச்சராகி இருக்கலாம். அந்நாளில் தலைமை அமைச்சராய் இருந்தோர் பலரின் பெயரை ஏட்டில் தேட வேண்டியிருக்கிறது. ஹாங்சோவிலோ, வில்லோ நிழலில் ஏரிக்கரையைக் கடந்து செல்லும் சிறுவனும் சூ தோங்போவின் பெயரை அறிந்திருக்கிறான்.